திரைக்கு அந்தாண்ட

1921-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் தேதி, சனிக்கிழமை. தண்ணீரில் ஊறிக் கஞ்சி கழன்ற புது லாங்கிளாத் துணிக்கென்று ஒரு வாசனை உண்டு. அரிசி களைந்த தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டாற்போல இருக்கும். அன்று விடிந்ததிலிருந்து எங்கள் வீடு முழுவதும் அந்த வாசனைதான். மற்றபடி அது எல்லாச் சனிக்கிழமைகளையும் போன்ற ஒரு சனிக்கிழமை. அப்பா, பட்டாளத்துக்குத் தானியமும் தீவனமும் வாங்கும் ஆபீசில் குமாஸ்தா. அரைநாள் வேலைக்காகக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டார். அம்மா, கோயிலிலிருந்து வந்திருந்த பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். நான் ஒரு முறம் அவரைக்காயை உரித்துக்கொண்டே ஞானோபதேசப் புத்தகத்தின் கேள்வி பதில்களை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். சமையல் முடிந்ததும் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து, ஊறி உலர்ந்திருந்த அந்தத் துணியை அகலம் அகலமாகச் சேர்த்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் விரிக்க முடியாத அளவுக்கு ஒரே விரிப்பாகத் தைத்து முடித்தாள்.

தேதியை இவ்வளவு தெளிவாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புதுநன்மை. முதன்முறையாக நற்கருணை வாங்கும் அந்த நாளை எங்களவர்கள் பிறந்தநாளைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணினால் மற்றத் தேதிகள் தாமே வந்து நிற்கும். எனக்கு அப்போது பத்து வயது.

பெங்களூர் அந்நாளில் இரண்டு ஊர். மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்ட பேட்டை ஒன்று. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த "தண்டு" மற்றொன்று. நாங்கள் தண்டுக்காரர்கள். பட்டாளத்தின் பின்னாலேயே வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, தையல், சமையல், குமாஸ்தா வேலை, குதிரை லாயம் என்று ஆளுக்கொரு பிழைப்பில் நிலைத்துவிட்ட தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரே கோயிலைச் சுற்றிக் குடியிருந்தன. கோயில் ஒன்றுதான், ஆனால் அதற்குள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக் கிராதி, வாசலிலிருந்து பீடத்துக்குச் சற்று முன்வரை நீளமாக ஓடியது. கிராதிக்கு "இந்தாண்ட" நாங்கள், "அந்தாண்ட" எங்களவர்கள் கீழ்ஜாதி என்று ஒதுக்கிவைத்திருந்த அவர்கள். எங்களுக்கு முதலில் நற்கருணை, அவர்களுக்குப் பிறகு. கோயில் வளவில் இருந்த தண்ணீர்ப் பானையின் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தகர டம்ளர் தொங்கும். அந்தாண்டக்காரர்களுக்கு டம்ளர் கிடையாது, கோயில்பிள்ளை மேலிருந்து ஊற்ற, இரு கைகளையும் குவித்துக் குடிப்பார்கள். இதெல்லாம் ஏன் என்று நான் கேட்ட ஞாபகம் இல்லை. கோயிலுக்குத் தூண் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வருஷம் எங்கள் சாமியார் ஒரு புதுமை செய்ய நினைத்தார். பிரெஞ்சுக்காரரான அவருக்கு எதையும் கண்ணால் காட்ட வேண்டும். சேசுநாதருடைய வாழ்க்கையைப் பற்றிய "பயாஸ்கோப்" ஒன்று தண்டுக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்காக அதைக் கோயில் வளவில் இரண்டு சனிக்கிழமைகள் காட்ட ஏற்பாடு செய்தார். லாயங்களுக்குப் புல்லும் கொள்ளும் சப்ளை செய்துவந்த கான்ட்ராக்டர் ராயப்பர் செலவை ஏற்றுக்கொண்டார். திரை தைக்கும் பொறுப்பு, கோயில் துணிகளையெல்லாம் தைத்துவந்த அம்மாவிடம் வந்தது; துணியும் அவள் வாங்கியதே.

திறந்த வெளியில் கிராதிக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது ராயப்பர் சிரித்தாராம். "திரைதான் நடுவுல தொங்குதே, அதுவே கிராதி" என்றாராம். இது அவருடைய சொந்த யோசனை அல்ல. தண்டில் கூடாரம் போட்ட பயாஸ்கோப்காரர்கள் சிலர் திரைக்குப் பின்னாலும் ஆட்களை உட்கார வைத்து, அவர்களிடம் குறைந்த காசு வாங்குவதுண்டு. துணியை நன்றாக நனைத்துவிட்டால் படம் ஊடுருவி மறுபக்கமும் தெரியும். காய்ந்துவிட்டால் அந்தப் பக்கம் வெறும் வெளிச்சம்தான். ஆகவே பின்னால் உட்காருகிறவர்களில் சிலர் வாளியும் பீச்சாங்குழலுமாக ஏணியில் நின்று, படம் முடியும்வரை திரையை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த முதல் சனிக்கிழமை மாலை, இருட்டத் தொடங்கியதும், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய திரைக்கு முன்னால் நாங்கள் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். மெஷின் எங்களுக்குப் பின்னால் இருந்தது. அதை ஓட்டியவர் பிளாக்பள்ளிப் பக்கத்து முஸ்லிம் ஒருவர். எல்லாரும் அவரை "மெஷின் பாய்" என்றார்கள். அது பேசாத படக் காலம். இடையிடையே இங்கிலீஷ் எழுத்து வரும். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்த எங்கள் உபதேசியார் ஒரு பெஞ்சின்மேல் நின்று இரு பக்கமும் கேட்கும்படி அதைத் தமிழில் முழங்கினார். மாட்டுக் கொட்டில் வந்தது, மீன் படகு வந்தது, குருடனுக்குப் பார்வை வந்தது. பிறகு ஒரு கிணறு. சமாரியா ஸ்திரீ குடத்தோடு வந்தாள். யூதர்கள் அவள் ஜாதியின் கையால் தண்ணீர் வாங்கமாட்டார்கள் என்று உபதேசியார் விளக்கினார். ஆண்டவர் அவளிடம் தண்ணீர் கேட்டார். அவள் தயங்கினாள், பிறகு ஒரு சிறு பாத்திரத்தில் மொண்டு நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். படம் முடிந்ததும் ஜமக்காளத்தை உதறிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் பூசைக்குப் பின் தண்ணீர்ப் பானை அருகில் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. மேலிருந்து ஊற்றினார்கள், கீழே குவித்துக் குடித்தார்கள்.

கன்னியாஸ்திரீகள் மடத்து மரத்தடியில் நடந்த ஞானோபதேச வகுப்பிலும் பிள்ளைகளுக்கு இரண்டு பாய்கள். அடுத்த பாயில் என் நேருக்கு நேர் உட்காருகிறவள் ஆரோக்கியம். குதிரை லாயத்தில் வேலை செய்த சவரிமுத்துவின் மகள். நான் பதில் மறந்து விழிக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து எடுத்துக்கொடுப்பாள். அப்படித்தான் எங்கள் சிநேகம். அந்தத் திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயன்றும் வரவில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஓடிய "மோரி"யின் ஓரத்தில் அவளைப் பார்த்தேன். சாக்கடைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"எனக்குப் புதுநன்மை இல்ல. எங்கப்பா வேணான்னு சொல்லிடுச்சி" என்றாள்.

"ஏன்டி?"

"ஆண்டவரு அந்தப் பொம்பளகிட்ட தண்ணி வாங்கினாரே, எந்தக் கையால வாங்கினாரு, பாத்தியா? இடது கையால."

"போடி பொய்க்காரி! வலது கை!"

"நீ தூங்கியிருப்ப. எங்க தெருவே பாத்துச்சி."

நானும் என் தெருவே பார்த்ததாகச் சொன்னேன். அவள் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்ல வேண்டிய அளவுக்கு ஒரு வார்த்தை என்னைத் திட்டினாள். நான் அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன். பிறகு இருவருக்குமே அழுகை வந்தது. வெள்ளைக் கவுன் அவளுக்கு ஏற்கெனவே தைத்தாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அந்த வருஷம் வாங்காவிட்டால் சவரிமுத்து பிறகு எந்த வருஷமும் விடமாட்டான் என்று அவள் சொன்னாள்.

அவர்கள் தெருவில் அந்த வாரம் முழுவதும் இதுவே பேச்சாக இருந்ததாம். பங்களா ஒன்றில் சமையல் வேலை பார்த்த தாவீது என்பவர் சமாதானம் செய்யப் பார்த்தார்: "துரைமாருங்க முள்ளுக்கரண்டிய எந்தக் கையில புடிக்கிறாங்க? இடது கையில. சீமையில அதான்டா மரியாதை. படம் புடிச்சவனே வெள்ளைக்காரன்." பலருக்கு அது சரியாகவே பட்டது, ஏனென்றால் படத்தில் அப்பம் பிட்டதும், ஆசீர்வாதம் கொடுத்ததும், வலை இழுத்ததும் எல்லாமே இடது கையாகத்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சவரிமுத்து ஒப்பவில்லை. "திங்கிறது இடது கையில. கை குலுக்குறது எந்தக் கையில? எங்கிட்ட லகானை வாங்குற துரை வலது கையாலதான் வாங்குறான். குடிகாரன் அவனுக்கே அது தெரியுது. ஆண்டவருக்குத் தெரியலையா?" என்று கேட்டான். "அவரும் நம்மள அந்தக் கையாலதான் தொடுவாருன்னா, எம்மவ நன்மை வாங்கப் போய் அவருக்கு நாக்கை நீட்ட வேணாம்." 

சவரிமுத்து சாமியாரிடமும் போய்க் கேட்டிருக்கிறான். அவர் தம் பிரெஞ்சுத் தமிழில், "வலது கை, வலது கை, நீ விசனப்படாதே" என்று முதுகைத் தட்டி அனுப்பினாராம். படம் ஓடும்போது மெஷின் பக்கத்திலேயே நின்ற அவருக்கு, பின்னால் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது தெரியாது. சவரிமுத்துவுக்கோ அது குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தது போலிருந்தது.

நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்ட அம்மாவுக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல, ஆச்சரியம். அவள் சுபாவம் அப்படி. துரைசானி ஒருத்தியின் கோட்டுக் காலர் எப்படி மடங்கி உட்காருகிறது என்று புரியாமல், அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி தைத்துக் கொடுத்தவள் அவள். எதிர்வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லாரும் வலது கை என்றார்கள். "ஒரே ஆளு, ஒரே கிணறு. கை மட்டும் எப்படி வேறயாகும்?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"அவங்க கண்ணுல ஏதோ கோளாறுன்னு வச்சுக்கயேன் ஞானம்" என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தெரு முழுக்க ஒரே கோளாறா?"

"உனக்கு ஏன் இந்த வேலை?"

அம்மா தையலுக்குத் திரும்பினாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள். அந்தாண்ட போய் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்தாண்ட ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். விஷயம் இவ்வளவு அருகில், ஒரு துணியின் மறுபக்கத்தில் இருந்தது. ஆனால் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் ராயப்பர் ஒரு முடிவு செய்திருந்தார். திரை நனைந்தால் முன்பக்கத்தாருக்குப் படம் மங்குகிறது என்பது உண்மை. வெளிச்சத்தில் பாதி மறுபக்கம் போய்விடுகிறது. இரண்டாவது சனிக்கிழமை திரையை நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் பின்னால் இருப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று யாரோ கேட்டதற்கு, "கேக்கட்டும். உபதேசியார் கத்துறது அந்தாண்டயும் கேக்குதே" என்றாராம்.

சனிக்கிழமை மாலை வளவில் அம்மா அவரை நேராகவே பிடித்துக்கொண்டாள்.

"துணி என்னுது. நனையட்டும்" என்றாள்.

"காசு என்னுது, ஞானம்மா."

"உங்க காசு மெஷினுக்குப் போச்சு. திரைக்கு நீங்க ஒண்ணும் கொடுக்கல. வேணும்னா கழட்டிட்டுப் போறேன்; உங்க வேட்டியக் கட்டிப் படம் காட்டுங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ராயப்பரும் சிரிப்பதைப் போல மீசையைத் துடைத்துக்கொண்டார். ஏணியில் சவரிமுத்து ஏறவில்லை. வேறு இரண்டு பேர் ஏறினார்கள். அவன் ஆரோக்கியத்தையும் மனைவி சூசையம்மாளையும் கூட்டிக்கொண்டு, படம் பார்க்க வந்ததாக இல்லாமல், திரைக்குப் பின்னால் மதிலோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அம்மா எங்கள் பாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், என் கையைப் பிடித்தாள், திரையைச் சுற்றிக்கொண்டு அந்தாண்ட போனாள். அப்பா "ஏ ஞானம்" என்று ஒருமுறை கூப்பிட்டது கேட்டது. அந்தாண்ட இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எங்களுக்காக அவர்கள் விட்ட இடம் ஒரு குடும்பம் படுத்து உறங்கக்கூடிய இடம்.

"அம்மா, இங்கயா?" என்றாள் சூசையம்மாள்.

"படம் பாக்கத்தான் வந்தேன். நீங்க உக்காருங்க" என்றாள் அம்மா. தான் கொண்டுவந்த பாயை விரித்து, அதன் நடுவில், யார் மேலும் படாதபடி உட்கார்ந்தாள். இதையும் நான் எழுதத்தான் வேண்டும்; அவள் அன்றைக்கு யாருக்கும் பரிந்துகொண்டு அங்கே வரவில்லை.

பின்பக்கம் வேறு உலகமாக இருந்தது. ஏணியிலிருந்து தெறித்த தண்ணீர் முகத்தில் சாரலாக விழுந்தது, நவம்பர் காற்றில் உடம்பு நடுங்கியது, தரையெல்லாம் சேறு. படம் நாங்கள் முன்பு பார்த்ததைவிட மங்கலாக, ஓரங்களில் வானவில் நிறம் தட்டித் தெரிந்தது. எழுத்து வந்ததும் அம்மா என் தோளை அழுத்தினாள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவள் அவள். "எழுத்தெல்லாம் திரும்பி நிக்குதுடி" என்று முணுமுணுத்தாள். அங்கே இருந்த மற்ற யாருக்கும் இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அது நேராக நின்றாலும் திரும்பி நின்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

கிணறு வந்தது. குடம் வந்தது.  ஆண்டவர் கையை நீட்டினார். இடது கை.

அம்மா எழுந்து நின்றேவிட்டாள். "ஆமா! இடது கைதான்!" என்று அவள் கூவியது திரைக்கு இந்தாண்ட வரை கேட்டது.  முன்பக்கத்திலிருந்து ஒரே கூச்சல்: "என்ன இடது கை?" "ஞானம்மாவுக்குப் பித்தா?" "இங்க வலது கைடி!" அம்மா திரையின் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டு இரு பக்கத்துக்கும் பொதுவாகச் சத்தம் போட்டாள்: "சட்டையத் திருப்பிப் போட்டா சோப்பு எந்தப் பக்கம் போகும்? வலது பக்கத்துச் சோப்பு இடது பக்கம் போகாதா? அதேதான் இது! அவங்க பொய் சொல்லல. நாமளும் பொய் சொல்லல." சோப்பு என்றால் எங்கள் பேச்சில் சட்டைப்பை. பிறகு மதிலோரம் நின்றவனைப் பார்த்து, "சவரிமுத்து, முன்னால போய்ப் பாரு" என்றாள்.

"விடுவாங்களா?" என்றான் அவன்.

அம்மா மெஷின் பாயைக் கூப்பிட்டு, கிணற்றுக் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னாள். "ரீல் என்ன ரொட்டியா அம்மா, திருப்பித் திருப்பிப் போட?" என்று அவர் சலித்துக்கொண்டார். சாமியார் அவர் காதில் ஏதோ சொன்னார். மெஷின் நின்றது, மெஷின் பாய் படச்சுருளைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினார்.

அந்த இடைவெளியில் நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. முதலில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், இடது கையைப் பார்த்துவிடும் ஆசையில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் தத்தித் தத்தி அந்தாண்ட ஓடி வந்தார்கள். அவர்கள் பின்னால் ஒரு கூட்டம். இங்கிருந்து சவரிமுத்து முன்னால் போனான். அவன் போனதைப் பார்த்துத் தாவீது போனார். பிறகு தெருவே போனது. போகிறவர்களும் வருகிறவர்களும் திரையின் ஓரத்தில் இடித்துக்கொண்டார்கள். ராயப்பர் யாரையும் தடுக்கவில்லை, ஏனென்றால் அவரே பின்பக்கம் வந்து, கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தார். காட்சி மறுபடி ஓடியது. அது பாதியில் இருக்கும்போதே சிலர் ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கம் ஓடினார்கள். ஊர் முழுவதும் ஒரு ஈரத் துணியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நானும் ஆரோக்கியமும் எத்தனை தரம் சுற்றினோமோ தெரியாது.

விளக்கைப் பெரிதாக்கியபோது யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் எல்லாரும் தாங்கள் நின்ற இடத்தையும் பக்கத்தில் நின்றவர்களையும் பார்த்துக்கொண்டார்கள். சிலர் முந்தானையை உதறிக்கொண்டு விலகினார்கள்; சிலர் பேச்சு சுவாரசியத்தில் விலக மறந்து நின்றார்கள்.

சவரிமுத்து திரைக்கு முன்னால், எங்களவர்களின் ஜமக்காளத்தின் ஓரத்தில், வெறுங்காலோடு நின்றிருந்தான்.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

"பாத்தேன். வலது கை" என்றான். பிறகு, "எது நெசம்மா?" என்று கேட்டான்.

"மெஷின் இருக்கிற பக்கம்தான் நெசம். அதுதான் நல்ல பக்கம். அந்தாண்ட இருக்கிறது திரும்பின பக்கம்."

அவன் மெஷினைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "மெஷின் ஏன்மா எப்பவும் இந்தாண்டயே இருக்குது?" என்றான்.

அவன் குரலில் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அம்மா மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். ராயப்பர் வேறு எங்கோ பார்த்தார். எல்லாவற்றுக்கும் கேள்வி பதில் வைத்திருந்த உபதேசியார்கூடப் பெஞ்சிலிருந்து இறங்கிப் புத்தகத்தைத் தேடத் தொடங்கினார்.  சவரிமுத்து ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். காலையில் அவளை அழைத்து வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கிணற்றடிக்குப் போனாள். அந்தக் குளிரில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள், பாயையும் அலசிப் போட்டாள். அந்தாண்ட உட்கார்ந்துவிட்டு வந்ததற்குத்தான். எனக்கும் ஊற்றினாள்.  சவரிமுத்துவின் கேள்வியை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

இப்போது 1949. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஜாதி வேற்றுமையைச் சாடும் பேசும் படங்கள் இந்நாளில் வருகின்றன; என் மாணவிகள் அவற்றைப் பார்த்துக் கண் சிவக்க வந்து, "டீச்சர், ஒரு படம் ஜனங்களை மாத்துமா?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்: அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது நாங்கள் அழுதோம், மாறவில்லை. இரண்டாம் தடவை யாரும் அழவில்லை. இடம் மாறி நின்று பார்த்தோம், அவ்வளவுதான். அதிலும் எல்லாரும் மாறினார்கள் என்று சொல்லமாட்டேன். ராயப்பர் சாகும்வரை மாறவில்லை. மரக் கிராதி அதற்குப் பல வருஷங்கள் கழித்து, வேறொரு சாமியார் காலத்தில், சண்டையும் வழக்கும் நடந்தபிறகே போயிற்று. கையில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் எப்போது நின்றது என்று என்னால் தேதி சொல்ல முடியவில்லை; சிலர் டம்ளரை எடுத்துக் கொடுத்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள், பிறகு ஒருநாள் பானையே இல்லாமல் குழாய் வந்துவிட்டது. மோரியை மூடி ரோடு போட்டுவிட்டார்கள். பெஞ்சின்மேல் நின்று படத்தை விளக்குகிறவர்களும் ஏணியில் நின்று திரையை நனைக்கிறவர்களும் இன்று இல்லை. படங்கள் பேசத் தொடங்கியதும் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மனிதர்கள் உட்கார்ந்த இடத்தை அது எடுத்துக்கொண்டது. மெஷினை எந்தப் பக்கம் வைப்பது என்று இன்று யாரும் கேட்பதில்லை. தியேட்டருக்குள் நுழைந்து உட்காரும்போதெல்லாம் நான் மட்டும் ஒருமுறை திரும்பி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

1921 நவம்பர் 13, ஞாயிறு. காலையில் முதலில் நடந்ததையும் எழுதி முடிக்கிறேன். ஈரமாக இருந்ததால் இரவு அவிழ்க்காமல் விட்ட திரை, கோயில் வாசலுக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு, பனியில் கனத்துத் தொங்கியது. பூசைக்கு ஆட்கள் வருவதற்குள் அதை எடுத்துவிட அம்மா விடியற்காலையிலேயே என்னை வெள்ளைக் கவுனில் கூட்டிக்கொண்டு போனாள். கோயில்பிள்ளை கயிறுகளை அவிழ்த்துவிட்டு மணியடிக்கப் போய்விட்டார். அவ்வளவு பெரிய துணியை ஒருவராக மடிக்க முடியாது. சேறு படும் என்று என்னைத் தொடவிடவில்லை. அம்மா இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று நின்றிருந்தபோது, வெளிவாசல் வழியாகச் சவரிமுத்து வந்தான், பின்னால் சூசையம்மாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் வெள்ளை முக்காட்டோடு ஆரோக்கியம்.

அம்மா அவர்களைப் பார்த்தாள். "அந்த முனையப் புடி, சூசை" என்றாள்.

சூசையம்மாள் மகளை என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தரையில் கிடந்த மறுமுனைகளை எடுத்தாள். இருவரும் துணியை இழுத்து உதறினார்கள். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். முனையும் முனையும் சேர்ந்த இடத்தில் நான்கு கைகளும் சேர்ந்தன. சூசையம்மாள் சட்டென்று விடப் பார்த்தாள். "விடாத, சேத்துல விழுந்துரும்" என்றாள் அம்மா. மறுபடி விலகினார்கள், மறுபடி நெருங்கினார்கள். மடிப்புச் சிறிதாகச் சிறிதாக நடக்க வேண்டிய தூரமும் குறைந்தது. முதல் மணி அடித்தது. மடித்த திரையை அம்மா படியோரத்தில் வைத்தாள், ஈரக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், மறுபடி தலைக்கு ஊற்றிக்கொள்ள வீட்டுப் பக்கம் திரும்பாமல் எங்கள் இருவரையும் முன்னால் விட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனாள்.